நெற்றும் கல்லும்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராலயத்தில் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலியின் நினைவுக்கல் இருக்கிறது. 1705இல் மறைந்த அவர், தாம் வியந்து ஆராய்ந்த மடக்கைச் சுருளைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று விரும்பியிருந்தார். நத்தையின் ஓட்டிலும் நாட்டிலஸ் என்னும் கடல் உயிரின் ஓட்டிலும் நாம் காண்பது அந்தச் சுருள்தான். மையத்தை விட்டு வெளியே வரவர, சுற்றுகளுக்கு இடையிலான வெளி ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும். எவ்வளவு வளர்ந்தாலும் உருவம் மட்டும் மாறாது. மாறினாலும் அதே நானாக மீண்டும் எழுவேன் என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் வாசகமும் அதனுடன் பொறிக்கப்பட்டது. ஆனால் கல்லில் வந்து அமைந்த சுருள் வேறு. சுருட்டி வைத்த கயிற்றைப் போல, முதற் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை இடைவெளி மாறாத ஆர்க்கிமிடீஸ் சுருளைத்தான் கல்தச்சர் செதுக்கிவிட்டார்.

கணிதம் படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உளி பிடிப்பவனுக்கு அவ்வளவு எளிதில் சிரிப்பு வராது. அந்தத் தச்சர் கைத்திறன் குறைந்தவர் என்று கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை. சுருள் ஒன்று வேண்டும் என்றார்கள். கோட்டைப் பார்த்து அவர் சுருளைச் செதுக்கினார். நத்தை தன் ஓட்டை எப்படிக் கட்டுகிறது என்பது அவருக்குத் தேவைப்படாத செய்தியாக இருந்திருக்கும். ஓட்டின் வாய் விளிம்பில் மட்டுமே புதிய சுண்ணாம்பு சேர்கிறது. ஏற்கனவே கட்டப்பட்ட பகுதி அப்படியே நிற்கிறது. புதிதாகச் சேர்வது முன்னதைவிடக் குறிப்பிட்ட விகிதத்தில் பெரிதாகிறது. இந்த ஒன்றை அறிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுத்தாலும் சுற்றுகளைச் சம இடைவெளியில் வைக்க மாட்டார். இயற்கைப் பொருளிலிருந்து சிற்பத்துக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் புறக்கோடு அன்று, அந்தக் கோடு அப்படி வந்ததற்கான காரணமே என்று நான் கருதுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

என் வேலை மேசையின் ஓரத்தில் கூழாங்கற்கள், காய்ந்த நெற்றுகள், எலும்புகள், உடைந்த சங்குகள், நீரில் ஊறிக் கரை ஒதுங்கிய மரத்துண்டுகள் எல்லாம் கிடக்கின்றன. அவற்றை இனவாரியாக அடுக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். செதுக்குவதற்கு அந்த அடுக்கு உதவாது. எந்த விசை அவற்றை உருவாக்கியது என்பதை வைத்தே பிரிக்கிறேன். தேய்ந்து உருவானவை ஒருபுறம், சுமை தாங்கி உருவானவை ஒருபுறம், விளிம்பில் சேர்ந்து வளர்ந்தவை ஒருபுறம், காய்ந்து சுருங்கி இழுபட்டவை ஒருபுறம். பைன் கூம்பையும் சூரியகாந்தித் தலையையும் மட்டும் இந்த மேசையில் வைப்பதில்லை. கூம்பில் 8 சுருள் ஒருபக்கமாகவும் 13 சுருள் மறுபக்கமாகவும் ஓடுவது வியப்புக்குரியதுதான். ஆனால் கல்லில் அது பெரும்பாலும் மேற்பரப்புக் கோலமாக நின்றுவிடுகிறது, உருண்டையின் உட்புறத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இது என் தனிப்பட்ட மனத்தாங்கலாகவும் இருக்கலாம்.

கல்லில் வேலை தொடங்குகிறவர் முதலில் நெடுநேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டியது கூழாங்கல்லைத்தான். அதுவும் கல்லே என்பதால் ஒரு பொருளின் வடிவத்தை இன்னொரு பொருளுக்கு மாற்றும் சிக்கல் அதில் இல்லை. ஆற்றில் உருளும் கல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தேய்வதில்லை. மூலைகளும் கூர்முனைகளும்தான் மற்றக் கற்களோடு அதிகம் மோதுகின்றன. ஆகவே அவை முதலில் போகின்றன. கல்லின் மொத்த அளவு பெரிதாகக் குறைவதற்கு முன்பே அதன் விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. உடல் சிறுப்பது அதற்குப் பின்னர்தான். இந்த வரிசை எவ்வளவு உறுதியானது என்றால், 2012இல் செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி படம் எடுத்து அனுப்பிய உருண்டைக் கற்களைப் பார்த்தே, அங்கே ஒரு காலத்தில் நீரோடை ஓடியிருக்கிறது என்று அறிவியலாளர்கள் முடிவு செய்தார்கள். கல்லின் வளைவு, அதன் வரலாற்றை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறது.

சிற்பி உப்புத்தாளைக் கையில் எடுத்ததும் ஆறு செய்ததையே செய்யத் தொடங்குகிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கரடான 60ஆம் எண் தாளில் தொடங்கி 120, 220, 400 என்று நுண்மை ஏறஏற, தாள் எங்கே அதிகம் பிடிக்கிறது என்று பாருங்கள்: எப்போதும் மேடுகளிலும் விளிம்புகளிலும்தான். கவனமில்லாமல் மெருகேற்றினால் எந்தச் சிற்பமும் மெல்ல மெல்லக் கூழாங்கல்லை நோக்கியே நகரும். வழவழப்பான நவீனச் சிற்பங்கள் பல ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது சிற்பியைக் காட்டிலும் உப்புத்தாள். கூர்மையான விளிம்பு வேண்டும் என்றால், இரண்டு பரப்புகளையும் தனித்தனியே விளிம்பை நோக்கித் தேய்த்துக்கொண்டு வந்து, விளிம்பைத் தொடாமல் நிறுத்த வேண்டும். விளிம்பு மழுங்கட்டும் என்று விட்டால் அதுவும் ஒரு முடிவாக இருக்க வேண்டும். தற்செயலாக இருக்கக் கூடாது.

எலும்பு கற்பிப்பது வேறு பாடம். தொடை எலும்பின் தலைப்பகுதியை நெடுக்கில் அறுத்தால் உள்ளே கெட்டியாக இருக்காது. மெல்லிய எலும்புத் தகடுகள் வளைந்து வளைந்து ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். 1866இல் உடற்கூற்றியலாளர் ஹெர்மான் ஃபொன் மெயர் காட்டிய அத்தகைய வெட்டுமுகத்தைப் பார்த்த கார்ல் குல்மான் என்ற பொறியாளர், அந்தத் தகடுகள் ஓடும் திசைகள் தாம் பளுதூக்கி எந்திரங்களுக்கு வரையும், சுமை உள்ளே பாயும் திசையைக் காட்டும் தகைவுக் கோடுகளைப் போலவே இருப்பதைக் கண்டுகொண்டார். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்ற கருத்தை ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விரிவாக முன்வைத்தார். வெளியே நமக்குத் தெரியும் வழவழப்பான புடைப்பும் பள்ளமும் உள்ளே நடக்கும் இந்தக் கணக்கின் விளைவு.

ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் எலும்புகளையும் சிக்கிமுக்கிக் கற்களையும் கூழாங்கற்களையும் தம் பணிக்கூடத்தில் சேர்த்து வைத்திருந்தது பலர் அறிந்தது. உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அவருக்குக் கொடுத்த யானை மண்டையோட்டை வைத்து 1969-70 காலத்தில் அவர் ஒரு செதுக்கோவிய வரிசையே படைத்தார். அவற்றுள் பலவற்றில் யானை தெரியாது. குகைகளும் தூண்களும் கணவாய்களும்தான் தெரியும். 1938இல் பச்சை ஹார்ன்டன் கல் என்னும் இங்கிலாந்துச் சுண்ணாம்புக்கல்லில் அவர் செதுக்கிய சாய்ந்திருக்கும் பெண்ணுருவத்தைப் பாருங்கள். மார்புக்குக் கீழே பெரிய துளை ஒன்று கல்லை ஊடுருவிச் செல்கிறது. எந்த எலும்பின் நகலும் அங்கே இல்லை. ஆயினும் துளையின் இருபுறமும் கல் எங்கே தடிக்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்பதில் எலும்பின் நியாயம் செயல்படுகிறது. துளையிட்டால் கல் வலுவிழக்கும் என்ற பொது அச்சம் முழு உண்மையன்று. துளையின் மேற்புறம் வளைவாக அமைந்தால் எடை இருபுறமும் இறங்கிவிடும். மூலையோடு வெட்டப்பட்ட துளையில்தான் அந்த மூலையிலிருந்து விரிசல் புறப்படும்.

இனி நான் அண்மையில் எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். மந்தாரையின் நெற்று அது. பச்சையாக இருக்கும்போது தட்டையான, சற்றே நீண்ட காய். காய்ந்து முற்றியதும் வெடித்து இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரு ஓடுகளும் முறுக்கிக்கொள்கின்றன. ஒன்று வலமாக முறுகினால் மற்றது இடமாக முறுகும். தட்டையாக இருந்த ஒன்று யாரும் தொடாமல் எப்படி முறுகுகிறது? ஓட்டின் உட்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் நார்கள் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. காயின் நீள அச்சுக்கு ஓர் அடுக்கு ஒருபுறம் 45 பாகை சாய்ந்திருக்க, மற்ற அடுக்கு மறுபுறம் அதே அளவு சாய்ந்து முதல் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கிறது. காயும்போது ஒவ்வோர் அடுக்கும் தன் நாருக்குக் குறுக்காகச் சுருங்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் எதுவும் தன் விருப்பப்படி சுருங்க முடியாது. அந்த வழக்குக்குக் கிடைத்த தீர்ப்புத்தான் முறுக்கு.

நெற்றை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே பெரிதாக்கிச் செதுக்குவது இயலாத காரியம் அன்று. ஆனால் நெற்றின் தடிமன் நெற்றுக்கு உரியது; கல்லுக்கு உரியது அன்று. ஆகவே நெற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அதன் காரணத்தைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு ரப்பர் தாள்களை எடுத்து, ஒன்றை ஒரு திசையிலும் மற்றொன்றை அதற்குச் செங்குத்தான திசையிலும் இழுத்துப் பிடித்து ஒட்டிவிட்டு, ஒட்டிய தாளிலிருந்து 45 பாகைச் சாய்வில் பட்டைகளை வெட்டி எடுத்தால், அவை கையை விட்டதும் நெற்றைப் போலவே முறுகுகின்றன. சாய்வை எதிர்ப்புறமாக மாற்றினால் முறுக்கும் எதிர்ப்புறமாக மாறுகிறது. குறுகிய பட்டை, தன் நடுக்கோட்டைச் சுற்றித் திருகிக்கொள்கிறது; அகலமான பட்டையோ உருளையின்மேல் சுற்றியது போலச் சுருண்டு வளைகிறது. அகலத்தை மாற்றிக்கொண்டே போனால் இடைப்பட்ட வடிவங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. எந்தச் செடியும் காய்த்திராத நெற்றுகள் அவை. இருந்தும் பார்த்தால் நெற்று என்றே மனம் ஒப்புக்கொள்கிறது.

காரணத்தைப் பிடித்தால் வடிவத்தில் விடுதலை கிடைக்கிறது என்பதை இதற்கு முன்பு ஒரு கொள்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ரப்பர் பட்டைகளை மேசைமேல் பரப்பி வைத்தபோது அது கையால் தொடக்கூடிய செய்தியாக ஆகிவிட்டது. கல்லுக்கு எந்த அகலம் ஒத்துவரும் என்பதை மட்டும் இனிக் கேட்டால் போதும்.

அந்தக் கேள்விக்குக் கல்தான் விடை சொல்ல வேண்டும். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அழுத்தத்தில் தாங்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, பல கற்களில் அதைவிடவும் குறைவாகவே, இழுவையில் தாங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டின் மேற்பரப்பு எப்போதும் இழுவையில்தான் இருக்கிறது. சிறிய தட்டல்கூட அதற்கு ஆபத்து. இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622 முதல் 1625 வரை செதுக்கிய, ஒரு பெண் மரமாக மாறுவதைக் காட்டும் அப்போலோ-டாஃப்னி சிற்பத்தில் விரல்களிலிருந்து இலைகள் முளைக்கின்றனவே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே கல், நுண்ணிய கால்சைட் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட தேர்ந்த பளிங்கு. இலைகளின் பெரும்பகுதி வேலை ஜூலியானோ ஃபினெல்லி என்ற அபூர்வமான கைக்காரருடையது. வியக்கலாம். பின்பற்றுவதற்கு எல்லோருக்கும் உரிய வழி அன்று அது. மேலும், கல்லால் இலையாக முடிகிறது என்று காட்டுவதைவிட, இலையை ஆக்கிய விசை கல்லில் எப்படி வெளிப்படும் என்று பார்ப்பதே எனக்குப் பிடித்த வேலை.

எந்தக் கல் என்பதைக் கடினத்தை வைத்து ஓரளவு முடிவு செய்யலாம். பிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. டால்க் மிகுந்த மாக்கல்லைக் கத்தியால்கூட வெட்டலாம். ஆனால் விளிம்பு நிற்காது. அதோடு சில மாக்கற்களில் கல்நார் வகை இழைகள் கலந்திருக்கலாம் என்பதால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாக்கல்லை நான் தொடுவதில்லை. ஜிப்சத்தாலான அலபாஸ்டர் ஒளியை உள்ளே வாங்கும் அழகுக்கு ஈடில்லை. மழை நீரில் மெல்லக் கரையும் என்பதால் வெளியில் வைக்க ஆகாது. கருங்கல்லில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் நிறைந்திருப்பதால் உளி வெட்டுவதில்லை, பொடித்துத்தான் எடுக்கிறது; முறுக்கிய பரப்பை அதில் கொண்டுவர வைரத் தகடும் நீண்ட பொறுமையும் வேண்டும். நான் சுண்ணாம்புக்கல்லை எடுத்தேன். எந்தக் கல்லாக இருந்தாலும் தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். கருங்கல், மணற்கல் ஆகியவற்றின் தூசியில் உள்ள நுண் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிட்டால் பிறகு வெளியே வராது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் தூசியை அடக்கும்.

கட்டியைத் தேர்ந்ததும் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடினால் ஒலி மங்கும். பிறகு நீர் ஊற்றி நனைத்து, அது உலரும் விதத்தைப் பார்க்க வேண்டும். மற்ற இடங்கள் உலர்ந்த பின்னும் ஈரக்கோடாக நிற்கும் இடம் மயிரிழை விரிசலாக இருக்கலாம். சுண்ணாம்புக்கல் படிவுப்பாறை, நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. அந்தப் படுகை எந்தத் திசையில் கிடக்கிறது என்று தெரியாமல் முதல் வெட்டை வெட்டக் கூடாது. மெல்லிய பகுதிக்குக் குறுக்காகப் படுகை ஓடினால் அந்த இடத்தில் முறிவு காத்திருக்கிறது. நீளவாக்கில் ஓடினால் தாங்கும். நேரான தகட்டுக்கு இந்த விதி போதும். முறுக்கிய வடிவத்தில் திசை மாறிக்கொண்டே போவதால், ஏதோ ஓரிடத்தில் படுகை குறுக்காக ஓடியே தீரும். அந்த இடம் வடிவத்தின் தடித்த பகுதியில் விழுமாறு கட்டியைத் திருப்பிக் கிடத்துவதுதான் செய்யக்கூடியது.

ஆகவே களிமண்ணில் செய்த மாதிரிகளுள் குறுகித் திருகியதை விட்டு, அகலமாகச் சுருண்ட ஒன்றைத் தேர்ந்தேன். சுருண்டு வந்து தன்மேல் தானே சாய்ந்து நிற்கும் வடிவம் அது. எங்கும் தனியே நீட்டிக்கொண்டிருக்காது. விளிம்பைக் கூராகக் காட்டினேன். விளிம்புக்குச் சற்றுப் பின்னாலேயே தடிமனை ஏற்றிவிட்டேன். முன்னிருந்து பார்ப்பவருக்கு மெல்லிய ஓடு; கையை உள்ளே விட்டால் கனத்த கல். கூருளியால் பெரும்பகுதியைக் கழித்து, பல்லுளியால் வளைவைத் தேடி, தட்டையுளியால் பரப்பை ஒழுங்காக்கும் வழக்கமான வரிசைதான். அதில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ஒரு பரப்பைப் பற்றி மட்டும்: முறுகிய ஓட்டின் உட்பக்கத்தில் ஒரு திசையில் மேடாகவும் அதற்குக் குறுக்கே பள்ளமாகவும் வளையும் சேணப் பரப்பு வருகிறது. அதைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. ஒருபுறமிருந்து ஒளியை விழவைத்து நிழலின் விளிம்பு தடுமாறும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

அந்தப் பரப்பைத் தேடும்போது கல்லுக்குள்ளிருந்து ஒரு சிப்பியின் வெட்டுமுகம் எட்டிப் பார்த்தது. சுண்ணாம்புக்கல்லில் அது வியப்பன்று. இந்தக் கல்லின் பெரும்பகுதியே கடல் உயிர்களின் ஓடுகளும் அவற்றின் துகள்களும்தான். ஆயினும் நெற்றின் உட்புறத்தில், விதை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேறோர் உயிரின் ஓடு பிறைக்கோடாகத் தெரிவது சங்கடமான அழகு. சில மில்லிமீட்டர் ஆழமாக எடுத்தால் அது போய்விடும். கொஞ்சம் இடம் மாறியிருந்தால் விதையாகவே காட்டியிருக்கலாம். எடுக்கவும் இல்லை, விதையாக்கவும் இல்லை. சுற்றியுள்ள கல்லைவிட அது சற்றுக் கடினமாக இருந்ததால் தேய்க்கும்போது மேடாக நின்றது. அதை மட்டும் தனியே சமன் செய்தேன்.

கல்லில் இயற்கையாக இருப்பதை எவ்வளவு ஏற்பது என்பதற்குப் பொதுவிதி இருப்பதாகத் தெரியவில்லை. மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையில் ஏற்கனவே இருந்த பிளவை ஆறாக ஆக்கி, அதில் நாகர்களை ஏறவிட்டு, இருபுறமும் உலகத்தையே அதை நோக்கித் திரும்ப வைத்தார்கள். அங்கே குறை என்று எண்ணத்தக்கது கதையின் மையமாகிவிட்டது. சிற்பி இசாமு நொகுச்சி ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள முரேயில் பசால்ட் என்னும் கரிய எரிமலைக் கற்களைச் செதுக்கியபோது, இரும்பு துருவேறிப் பழுப்பான மேல்தோலைப் பல இடங்களில் அப்படியே விட்டு, வெட்டிய இடத்தில் மட்டும் உள்ளிருக்கும் கருமையைத் திறந்து காட்டினார். இரண்டும் ஏற்பதிலேயே உச்சம் தொட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டு எந்தக் கல்லாக இருந்தாலும் பின்பக்கத்தைக் கரடாக விட்டு அதை அடக்கம் என்று பெயரிட்டு அழைக்கும் பழக்கம் பரவியிருப்பதுதான் எனக்கு உவப்பாக இல்லை. விட்ட தோல் வெட்டிய பரப்போடு ஏதாவது பேச வேண்டும். என் கட்டி குவாரியில் ரம்பத்தால் அறுக்கப்பட்டது. அதன் வெளிமுகத்தில் காப்பாற்றத் தகுந்த இயற்கை எதுவும் இல்லை. எனவே எல்லாப் பக்கமும் வெட்டினேன்.

மீதமிருந்த கேள்வி மேற்பரப்பு. முழுவதும் மெருகேற்றினால் முன்னே சொன்ன கூழாங்கல்லின் வழியில்தான் அது போய்ச் சேரும். முறுக்கின் இழுபறி மறைந்து வழவழப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே உட்பக்கத்தை 400ஆம் எண் தாளோடு நிறுத்தினேன். வெளிப்பக்கத்தில் உப்புத்தாளே படவில்லை. பல்லுளியின் கோடுகளை நீள அச்சுக்கு 45 பாகைச் சாய்வில், நெற்றின் நார் ஓடும் திசையிலேயே, அடியிலிருந்து நுனிவரை இழுத்திருக்கிறேன். முறுக்கோடு சேர்ந்து அந்தக் கோடுகளும் திரும்புவதால் சில இடங்களில் அவை நெருங்குகின்றன, சில இடங்களில் விலகுகின்றன. எங்கே நெருங்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கவில்லை, வளைவு தீர்மானித்தது. விளிம்புக்கு விரற்கடை தூரத்தில் கோடுகளை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் பல்லுளியைக் கொண்டுபோனால் விளிம்பு பெயரும்.